யாரோ சுமந்து வந்த மணல்

இதை எழுதலாமா, கூடாதா என்று பல வருஷம் தயங்கினேன். எழுத உட்காருவேன். விளக்கேற்றும் நேரம் வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு சாவு, எலும்பு என்று எழுதுவது நல்லதா என்று ஒரு பயம். இப்போது பெருமாள் கிருபையில் பெண்ணுக்குக் கல்யாணமாகி, பேத்தியும் பிறந்துவிட்டாள். என் வீட்டுக்காரரும், "எழுதணும்னா எழுது, பேரு மட்டும் போடாத" என்று சொல்லிவிட்டார். நான் பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருந்தது. வாடகைக்குக் கேட்டு ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். கல்லூரியில் பேராசிரியர் என்றார். என்ன பாடம் என்று கேட்டேன்.

"ரொம்பப் பழைய காலத்துல செத்தவங்களை எப்படிப் புதைச்சாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன் அக்கா. அவங்க எலும்பு, பல்லு எல்லாம் பார்ப்பேன். முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு வீட்ல பின்னால தெரிஞ்சு காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

எங்களுடையதோ நாள் கிழமை தவறாமல் பூஜை நடக்கிற வீடு. உள்ளே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டே, "செத்தவங்க என்ன, மோட்டாரைப் போட்டுட்டு ஊருக்குப் போயிடுவாங்களா? மாடியில முன்னால குடியிருந்தவன்தான் அப்படிப் போனான்" என்றார். அப்போது அவர் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் இப்படித்தான் ஏதாவது வரும்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். குழி தோண்டுகிற இடத்துக்குப் போய் வந்தால், துக்கத்துக்குப் போய் வந்த மாதிரி பின்பக்கக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் படியேற வேண்டும். அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. "நானே கேக்கணும்னு இருந்தேன் அக்கா. உடம்பெல்லாம் புழுதியாத்தான் வருவேன்" என்றார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மேடம். நாங்கள் அவருக்கு அக்கா, அண்ணன். அந்தக் குழாயடியில் பழைய புடவையைக் கட்டி ஒரு மறைப்பு செய்து கொடுத்தேன். குளித்து, ஈரத்தலையோடு மாடிப்படியில் உட்கார்ந்து காபி குடிப்பார். நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். அந்தச் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் ஏதோ சொந்த அக்கா தங்கையோடு இருந்த மாதிரி இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "உங்க மாடியில எலும்பு டீச்சராமே, அமாவாசைக்கு அமாவாசை என்ன சத்தம் வருது?" என்று சுவர் மேல் எட்டிப் பார்த்துக் கேட்பாள். சத்தமெல்லாம் ஒன்றும் வராது. ஆனால் ஒருநாள் துணி உலர்த்த மேலே போனபோது ஜன்னல் ஓரத்தில் வரிசையாகப் பல் செட்டுகள். ஈறோடு, வாயைப் பிளந்துகொண்டு. பக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தேன். மேடம் சாயங்காலம் வந்து சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. எல்லாம் மாவுக்கட்டு போடுகிற மாவில் செய்த அச்சாம். "அதுல ரெண்டாவது என்னோட பல்லுதான் அக்கா, நல்லாப் பார்த்திருந்தா அடையாளம் தெரிஞ்சிருக்கும்" என்றார். உண்மையான எலும்பை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை, எல்லாம் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி என்னை சமாதானப்படுத்தினார்.

அவருடைய கதையையும் அந்தப் படியில்தான் கேட்டேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை தோண்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார்களாம். அங்கே ஒரு பெரிய தாழிக்குள் ஒரு மனுஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த நிலையில் எலும்பாக இருந்ததைப் பார்த்ததும், மற்ற பிள்ளைகள் விலகிப் போக, இவருக்கு மட்டும் அந்த இடத்தை விட்டு வர மனசில்லையாம். அப்புறம் ஆராய்ச்சிப் படிப்பு, வெயிலில் அலைச்சல். பெண் பார்க்க வந்தவர்கள் வேலையைக் கேட்டதும் காபியை வைத்துவிட்டு எழுந்து போன கதையும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. எலும்பு கிடைத்தது என்று சொல்லவே மாட்டார். "இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க அக்கா, நல்ல உயரம், முதுகு வலி இருந்திருக்கும் பாவம்" என்பார். முதலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகப் போக, "இன்னிக்கு யாரு மேடம் வந்தாங்க?" என்று நானே கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்படித்தான் ஒரு புரட்டாசி மாதம், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். காட்டாங்குளத்தூர் பக்கம் அடுக்குமாடிக் கட்டிடம் வரப்போகிற ஒரு இடத்தில் அப்போது வேலை நடந்துகொண்டிருந்தது. அனுமதி வாங்கித் தோண்டினார்கள். திங்கட்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும், அப்புறம் ஜேசிபி இறங்கிவிடும். "இன்னிக்கு ஒரு சின்னப் பானை அக்கா. குழந்தை" என்றார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். பெயர் வைப்பதற்கு முன்பே காய்ச்சல் வந்து போய்விட்டான். அப்போது தாம்பரத்தில் என் வீட்டுக்காரருடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும். பெற்றவள் போகக் கூடாது. என்னை உள் அறையில் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு எடுத்துப் போனார்கள். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும்தான் போனார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து குளித்தார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அங்கே நடந்ததை வீட்டில் பேசக் கூடாது, பேசினால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அது அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெண், நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு வாசலில் பேசியது என் காதில் விழுந்தது. ஏரிக்கரை சுடுகாட்டில் முழங்கால் அளவு தண்ணீர், இந்த மழையில் எங்கே ஆழமாகத் தோண்டுவது, மேலே கொஞ்சம் சேற்றை இழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள், நாய் வராமல் இருந்தால் சரி என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள்ளே முள்ளாக நின்றுவிட்டது. பெண் பிறந்தாள், வளர்ந்தாள், வீடு கட்டினோம், எல்லாம் ஆனது. மழை பெய்யும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான். என் பிள்ளையை ஒழுங்காக வைத்தார்களா? அதை மட்டும் யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று சாமியிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தச் சுடுகாடும் இப்போது இல்லை. அதன் மேல் ரோடு வந்துவிட்டது.

இதையெல்லாம் அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். மேடம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, "அண்ணன்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலயா அக்கா?" என்றார். கேட்கக் கூடாது மேடம் என்றேன்.

"அந்தப் பானையை நான் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அவர், சனிக்கிழமை வாங்க என்றார்.

புரட்டாசி சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் சிங்கப்பெருமாள்கோவிலுக்குப் போவது வழக்கம். மின்சார ரயிலில் போய், தரிசனம் செய்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வழியில் எங்கும் இறங்கக் கூடாது. அன்று தரிசனம் முடித்து ரயில் ஏறியதும், காட்டாங்குளத்தூரில் இறங்கி மேடம் வேலை செய்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். குழந்தை விஷயத்தை நான் சொல்லவில்லை. "பிரசாதத்தைக் கையில வச்சுக்கினு அங்கயா?" என்றார். நான் துளசியை முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார்.

செம்மண் பூமி. பெரிய பெரிய கற்களை அந்தக் காலத்திலேயே வட்டமாக வைத்திருந்தார்கள். பாதிக் கற்கள் மண்ணுக்குள். ஒரு நீலத் தார்ப்பாய்ப் பந்தல். அதற்கு அந்தப் பக்கம் ஜேசிபி தயாராக நின்றது. மண் சலித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, பூவெல்லாம் வச்சுக்கினு பொண்ணு பாக்க வந்தா மாதிரி வந்துகீறீங்க" என்றாள். ஜேசிபி ஓட்டுகிறவர் டீ குடித்துக்கொண்டே, "மேடம், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. லேட்டாச்சுன்னா எங்க ஓனரு என்னையே மடிச்சு அந்தப் பானையில வச்சுருவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. குழி ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் குச்சியும் பிரஷ்ஷுமாக இருந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிலையில் அவரைப் பார்த்ததே இல்லை. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளியே நின்றுகொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர்க் குடம் அளவுக்கு ஒரு பானை. ஒரு பக்கம் உடைந்திருந்தது. மேலே மூடி. பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணம். உள்ளே எலும்பு என்று ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும், குழந்தை எலும்பு மண்ணோடு மண்ணாகிவிடும் என்றார் மேடம். குச்சியின் நுனியால் ஓரிடத்தைக் காட்டினார். ஜவ்வரிசி மாதிரி ரெண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள்.

"பல்லு அக்கா. ஈறுக்குள்ளயே இருந்தது. இன்னும் வெளிய வரல."

கண்ணீர் கண்ணை மறைத்தது. முந்தானை முடிச்சைப் பிரித்துத் துளசியை எடுத்தேன். மேடம் மெதுவாக என் கையைப் பிடித்தார். வெளியே இருந்து எதுவும் உள்ளே விழக் கூடாதாம், வேலை முடிகிற வரைக்கும். அவர் சொன்ன விதத்தில் கண்டிப்பு இருந்தது, ஆனால் கோபம் இல்லை. சரி என்று கையிலேயே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவர் பானையின் அடியிலிருந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்து ஒரு தாளில் கொட்டிக் காட்டினார். சுற்றிலும் செம்மண். இது மட்டும் வெளுப்பாக, சலித்தது மாதிரி பொடிப்பொடியாக இருந்தது.

"இது ஆத்து மணல் அக்கா. இந்தப் பக்கம் எங்கயும் இது கிடையாது. நடந்துபோய் எடுத்துட்டு வந்து, அடியில பரப்பி, அதுக்கு மேல குழந்தையை வச்சிருக்காங்க."

எதற்காக என்று கேட்டேன். மேடம் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"எதுக்குன்னு எனக்குத் தெரியாது அக்கா. சுமந்துட்டு வந்தாங்கங்கறது மட்டும்தான் மண்ணு சொல்லுது. அதுக்கு மேல நான் சொன்னா அது கதையாயிடும்."

"ஈரம் படக் கூடாதுன்னுதான்" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

என் வீட்டுக்காரர். எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து அந்தத் தாளில் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. மேடத்தைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் பேசினார்.

"வெட்ட வெட்டத் தண்ணி ஊறிக்கினே இருந்துச்சு. அண்ணன், போதும்டா வச்சுட்டு வாடான்னாரு. எனக்கு மனசு வரல. கரை மேல மேடா ஒரு இடம் இருந்துச்சு, அங்க போயி வெட்டுனேன். இடுப்பு ஆழம் வெட்டுனேன். அங்கயும் அடியில ஈரம். பக்கத்துல ஒரு வூடு கட்டிக்கினு இருந்தாங்க. மணலைத் தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தாங்க. கேக்காமலே வேட்டியில அள்ளுனேன். அந்தக் கொத்தனாரு பார்த்தாரு. ஒண்ணும் கேக்கல. வேட்டி அவுந்துரும்பா, இதுல எடுத்துக்கோன்னு சாந்துச் சட்டியக் குடுத்தாரு. அவரும் கூடவே ஒரு சட்டி எடுத்துக்கினு வந்தாரு. மெத்தை மாதிரி போட்டோம்."

ஜேசிபி ஓட்டுகிறவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். மண் சலித்துக்கொண்டிருந்தவளும் நிறுத்திவிட்டாள். எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. விட்டால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஒருக்களிச்சுதான் வச்சேன். நீ எப்படித் தூங்க வைப்பியோ அப்படி. மேலயும் மணல் போட்டு, கல்லெல்லாம் எடுத்து அடுக்கிட்டுதான் வந்தேன். நாய் வரக் கூடாதுன்னு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அத்தனை வருஷத்து அழுகை. அழுது முடித்து ஒன்றுதான் கேட்டேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாங்க. நீயும் கேக்கல. மறந்துட்ட போலகீது, நாம எதுக்குக் கிளறுவோம்னு வுட்டுட்டேன்."

நான் மறந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அவருக்கு அதைப் பற்றி நினைப்பே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில் கும்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் அதே பிள்ளையைத் தனித்தனியாக மனசில் வைத்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானத்துக்கு மேல் பானையைச் சுற்றித் துணியால் கட்டி, கை உடைந்தால் போடுவார்களே, அதே மாதிரி மாவுக்கட்டு போட்டார் மேடம். அது இறுகியதும் தூக்க வேண்டும். ஆட்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர், "நான் ஒரு பக்கம் புடிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார். மேடம், எங்கே கை கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அடியில் ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை. என் வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து, வேனில் பஞ்சு மெத்தை போட்டிருந்த பெட்டிக்குள் இறக்கினார். அன்று கதவைச் சாத்தி என்னைப் பார்க்கவிடாத ஒன்றை இன்று கண்ணாரப் பார்த்தேன். இவர் கையில்தானே என் பிள்ளை போனான், இப்படித்தானே போயிருப்பான் என்று தோன்றியது.

வேலை முடிந்தது, இனிமேல் போடலாம் அக்கா என்று மேடம் சொன்னார். காலிக் குழியில் துளசியைப் போட்டேன். இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் பின்பக்கக் குழாயடியில் வரிசையில் நின்றோம். பக்கத்து வீட்டு அக்கா சுவர் மேல் எட்டி, "என்ன, குடும்பத்தோட எலும்பு வேலையில சேந்துட்டீங்களா?" என்றாள். "ஆமா, உனக்கும் ஒரு இடம் சொல்லி வச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். மேடம் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று ராத்திரி மழை பெய்தது. நான் தூங்கிவிட்டேன்.

மேடம் அதற்கப்புறம் நாலைந்து வருஷம் எங்களோடு இருந்தார். என் பெண்ணின் கல்யாணத்தில் வீட்டு மனுஷியாக நின்று பந்தி பார்த்தார். அப்புறம் வேறு ஊர் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாடியில் இப்போது ஐடி கம்பெனியில் வேலை செய்கிற ஒரு இளம் ஜோடி இருக்கிறது. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் படியில் செம்மண் தடம் இல்லாமல் இருப்பது எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது. அந்த இடத்திலும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. ரயிலில் போகும்போது பால்கனிகளில் குழந்தைத் துணிகள் காய்வது தெரியும். அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்ததில்லை. பண்டிகைக்கு மேடம் போன் செய்வார். "இப்ப யாரு மேடம் வந்திருக்காங்க?" என்று நான் கேட்பேன். அவர் சொல்வார்.

என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடுவில் பேசக் கூடாதது என்று அதற்கப்புறம் எதுவும் இல்லை. ஐப்பசியில் ஒருநாள் சாமிக்குப் பால் வைத்து, எங்கள் பையனைப் பற்றிப் பேசுவோம். அவன் மூக்கு யார் மாதிரி என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். சாமி வந்து சொன்னதாகவோ, பானைக்குள்ளிருந்து குரல் கேட்டதாகவோ சேர்க்க வேண்டாம். என் வீட்டுக்காரரைப் பெரிய ஆளாக்கவும் வேண்டாம், அந்தக் கொத்தனாரை விட்டுவிடவும் வேண்டாம். தெரிந்ததை மட்டும் சொல்கிற ஒரு டீச்சர் ஒரு பிடி மணலைக் காட்டினார், அதைப் பார்த்து ஒரு அப்பா வாய் திறந்தார். என் மனசில் இருந்த முள்ளை எடுக்க அந்த உண்மையே போதுமாக இருந்தது. இன்னொரு வீட்டில் கேட்காமலும் சொல்லாமலும் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கும் அது போதும்.